ஈச்சங்காட்டின் மக்கள்தொகை

பூஜ்ஜியம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நான் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கணக்கெடுப்புப் பயிற்சி வகுப்பில் திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். டீயும் சமோசாவும் கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் சமோசாவைத்தான் கவனித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கம் ஓர் ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வுபெற்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. ஃபைலைத் தூக்கி மேசையில் போடுகிற சத்தம் கேட்டாலே ‘மேடம் வந்துட்டாங்க’ என்பார்கள். இப்போது வீட்டில் ஃபைல் இல்லாததால் வாயால் மட்டும் சத்தம் போடுகிறேன்.

நம் வேலையில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கேள்விகள்தான். ஊர் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் இருக்கிறார்கள்? காதால் கேட்டால் ஒன்றாம் வகுப்புக் கேள்வி மாதிரி இருக்கும். என் சர்வீஸ் முழுக்க என்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்தவை இந்த இரண்டும்தான். மணமேல்குடிப் பக்கம் இருந்தபோது போன் ஒரு மீனவக் குடியிருப்பைக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைத்துவிட்டது. கரையில்தான் நின்று பதிந்தார்கள், ஆனால் வரைபடத்தில் ஊர் அலைக்கு நடுவில் நிற்கிறது. மேலே இருந்த ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ‘ஏம்மா, இவங்க எல்லாரும் படகுலேயே குடியிருக்காங்களா?’ என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அதைத் திருத்துவது சுலபம், ஊரை இழுத்துக் கரையில் போட்டால் தீர்ந்தது. ஈச்சங்காடு அப்படிப்பட்ட விஷயம் இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் அது. சாலை இல்லாத குடியிருப்புகளைக் கணக்கெடுக்கும் வேலை நடந்தது. ஊராட்சிச் செயலர் போனோடு ஒவ்வொரு குடியிருப்புக்கும் நேரில் போக வேண்டும். அங்கே போய் நின்றால் இருப்பிடம் பதிவாகும். பிறகு வீடுவீடாக, ஆளை அவரவர் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக் குடும்பத்தைப் பதிய வேண்டும். போதுமான ஜனம் இருந்தால் ஊருக்குத் தார்ச்சாலை, ஓடை இருந்தால் பாலம். இல்லாவிட்டால் அடுத்த கணக்கெடுப்பு வருகிற வரைக்கும் ஒன்றும் கிடையாது, அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செயலர்கள் பதிந்ததைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் தயிர்சாதமும் இன்னொரு கையால் போனுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈச்சங்காடு என்று ஒரு பெயர் வந்தது. மக்கள்தொகை பூஜ்ஜியம், ஆளில்லாத குடியிருப்பு. அடுத்ததற்குத் தள்ளிவிட்டேன். தள்ளியதும் மனதில் என்னவோ இடறியது. திரும்பி வந்து பார்த்தேன்.

எனக்கு ஊர்ப் பெயர் மறந்துபோகும், முகம் மறக்காது. இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை மனு கொடுக்க வந்த பெண்ணின் முகம் வந்து நின்றது. பெயர் மல்லிகா. வரிசையில் முன்னால் நின்றவர்களையெல்லாம் முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தவள்.

“எங்களுக்குப் பாலம் வேணுங்க மேடம். என் வீட்டுக்காரரு குவைத்துல கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிக்கிட்டு ஓடையத் தாண்டணும். போன மழையில கால் வழுக்கி நாற்காலியோட தண்ணிக்குள்ள போட்டுட்டாங்க. அதுலேருந்து என்னையத் தூக்காதீங்கன்னு அடம்புடிக்கிறாரு.”

எந்த ஊர் என்று கேட்டதற்கு, “மருதங்குடிங்க” என்றாள். மருதங்குடிக்குத்தான் ரோடு இருக்கிறதே என்றேன். “ஊரு மருதங்குடி. குடியிருக்கிறது ஈச்சங்காடு” என்றாள். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது, நானும் மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆளில்லாத ஊரிலிருந்து ஆள் எப்படி வந்து மனுக் கொடுக்கும்? டிபன் பாக்ஸை மூடினேன்.

ஈச்சங்காட்டைப் பதிந்த செயலர் அருள்தாஸ். ஆவூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசையைக்கூட விட்டுவிட்டுக் கணக்கெடுக்கப் போகிற ஆள், உட்கார்ந்த இடத்தில் கதை எழுதுகிறவர் இல்லை. மேசைக்கு முன்னால் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன்.

“மேடம், சத்தியமா ரெண்டு தடவை போனேன். ஒரு தடவை காலையில, ஒரு தடவை சாயங்காலம். எல்லா வீடும் பூட்டு. வாசல்ல நின்னு ‘யாராவது இருக்கீங்களா’ன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். ஒரு அடுப்புப் புகைகூட இல்லை. வேலை தேடித் திருப்பூர் பக்கம் ஊரோட போயிட்டாங்கபோலன்னு நெனச்சேன்.”

“நெனச்சதைப் பதியச் சொல்லி எந்த வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க?”

ஆபீஸ் ஜீப் வேறு எங்கோ போயிருந்தது. “வண்டிய எடுங்க” என்று அவருடைய பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த வயதில், புடவையில், ஒருக்களித்து உட்கார்ந்து, குண்டும் குழியுமான பாதையில் நான் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது.

ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினோம். அக்கரையில் ஈச்சங்காடு. ஓட்டு வீடும் தகர வீடும் கலந்து, இடையிடையே குவைத் பணத்திலும் சிங்கப்பூர் பணத்திலும் கட்டின மாடி வீடுகள். அருள்தாஸ் சொன்னது சரிதான், எல்லாவற்றிலும் பூட்டுத் தொங்குகிறது. ஆனால் கொட்டகைகளில் மாடு நிற்கிறது, மாட்டுக்கு முன்னால் பச்சை மாறாத புல் கிடக்கிறது. திருப்பூருக்குப் போனவர்கள் தினமும் வந்து புல் போடுவார்களா?

மூடின பதிவைத் திறக்க ஒரு வழி இருந்தது. மேற்பார்வை பார்க்கிறவர், அதாவது நான், அந்த இடத்தில் நின்று, அங்கே வசிக்கிற ஒருவரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு முதலில் சிக்னல் வேண்டும். அருள்தாஸ் சிக்னல் தேடிக்கொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் போனார். நான் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து மல்லிகா வந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன மல்லிகா, என்னையத் தெரியுதா?”

“தெரியுதுங்க மேடம். மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன்.”

தூக்குவாளியிலிருந்து மிளகு ரசத்தின் வாசம் தூக்கலாக வந்தது.

“ஒங்க ஊரு மாடு ரசஞ்சோறுதான் திங்குமா?”

சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அவள் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. வாசல் கதவில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே ஆள் இருமுகிறது.

மல்லிகா என் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்துப்போனாள். அப்புறம் அவள் குரலை அடக்கிக்கொண்டு சொன்னதுதான் எனக்கு அந்த ஊரைப் புரியவைத்தது.

ஈச்சங்காட்டுக்காரர்கள் எல்லாரும் மருதங்குடிக்காரர்கள். அந்தக் காலத்தில் ஓடைக்கு அப்பால் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். சாமி, கோயில், நல்லது கெட்டது எல்லாம் மருதங்குடியில்தான். அதனால்தான் யார் கேட்டாலும் ஊர் மருதங்குடி என்பார்கள். ஆனால் அரசாங்க எல்லைப்படி ஓடைக்கு அப்பால் அடுத்த ஊராட்சி. மருதங்குடி அம்மனுக்கு மது எடுப்புத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. அம்மனின் எல்லை ஓடையோடு முடிகிறது. ஆகவே காப்புக் கட்டின அன்றே ஈச்சங்காடு முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு மருதங்குடிக்குப் போய்ச் சொந்தக்காரர் வீடுகளில் தங்கிவிடும். பகலில் வந்து மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் திருவிழா முடிகிற வரை இந்தப் பக்கம் அடுப்பு எரியக் கூடாது, விளக்கு எரியக் கூடாது, ஒருத்தரும் படுக்கக் கூடாது. எரிந்தால் அந்தக் குடும்பமே காப்பை மீறினதாக அர்த்தம். கணக்கெடுப்பு சரியாக அந்த நாட்களில் வந்து விழுந்திருக்கிறது.

மல்லிகாவின் புருஷன் ரெங்கசாமி, ஓடையைத் தாண்டித் தூக்கிப்போக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை தண்ணீருக்குள் விழுந்த பயம். மல்லிகா என்ன செய்வாள்? அவரை விராலிமலையில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பதாக ஊரில் சொல்லிவிட்டாள். காப்புக்கு முன்னாலேயே வெளியூர் போனவர்களுக்கு விலக்கு உண்டு. பிறகு அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு மருதங்குடிக்குப் போய்விட்டாள். பகலில் மாட்டைச் சாக்குச் சொல்லிச் சோறு கொண்டுவருவாள். பொழுது சாய்ந்தால் அவர் விளக்கும் இல்லாமல் தனியாகக் கிடப்பார்.

“இன்னைக்கு மது எடுப்பு முடிஞ்சிட்டா நாளைக்கு எல்லாரும் வந்துருவோம் மேடம். இது தெரிஞ்சா ஊரே என்னையக் காறித் துப்பும். மழை பேயலைன்னாலும் நாந்தான் காரணம்பாக. புள்ளைகளுக்குக் கல்யாணங்காச்சி ஆகணும் மேடம்.”

உள்ளிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஆண் குரல் வந்தது. “யாரு மல்லிகா?”

“பாலத்துக்கு மனுக் கொடுத்தோம்ல, அந்த மேடம்.”

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் என்னோடு வந்து நில்லுங்கள். என் கையில் போன். எதிரில் ஈச்சங்காட்டில் வசிக்கிற ஒரு ஆள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம். ஒரு படம் எடுத்தால் போதும், பூஜ்ஜியம் உடைந்துவிடும். அது என் வேலை, என் உரிமை, ஒருத்தரும் என்னைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பூட்டின ஊரில் யாரைப் படம் எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும், அந்தப் படம் மல்லிகாவின் பொய்யை ஊர் அறிய வைத்துவிடும். எடுக்காமல் விட்டால், ஆறு மணிக்கு இந்த ஊரே இல்லாமல் போய்விடும், ரெங்கசாமிக்கு ஆயுசுக்கும் அந்த நாற்காலிதான்.

போனைப் பைக்குள் போட்டேன். அவர்கள் வீட்டை எண்ணித் தருவது அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று பட்டது. பிடுங்கி எண்ணினால் அது கணக்கே இல்லை.

“மல்லிகா, ஊர் சனம் அத்தனை பேரும் ஆறு மணிக்குள்ள அவங்கவங்க வாசல்ல வந்து நின்னாத்தான் பாலம். நான் போயி அம்பலத்துக்கிட்ட பேசுறேன். ஒங்க வீட்டைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். நீ பூட்டத் திறக்கவும் வேணாம்.”

ஜன்னலுக்குள்ளிருந்து ரெங்கசாமி கேட்டார். “ஒரு வீடு கொறைஞ்சா பாலம் இல்லைன்னு சொல்லிருவாகளா மேடம்?”

எனக்கு அது தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அந்த ஆளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

கண்மாய்க் கரையில் அருள்தாஸைத் தேடிப் பிடித்துக்கொண்டு மருதங்குடி போய்ச் சேர்ந்தால், அங்கே கால் வைக்க இடமில்லை. உறுமியும் பறையும் காதைப் பிளந்தன. அந்த ஊர்க் கண்மாய்க் கரையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருத்தி தலையிலும் நெல் நிரப்பின குடம், குடத்துக்குள் விரிந்த தென்னம்பாளை, அதைச் சுற்றிப் பூ. இதுதான் மது எடுப்பு, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போதுதான் குலவை போட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றியிருந்தார்கள். கோயில் வாசலில்தான் இறக்குவார்கள்.

ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், செல்லையா. அம்பலம் என்றதும் நரைத்த மீசையை நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டாத ஆள், டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர், மைக் செட்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கத்துவதில் எனக்கு அண்ணன். நான் விஷயத்தைச் சொல்ல அவர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“மேடம், நல்லா வந்தீங்க போங்க. குடம் தலையில ஏறிருச்சு. இனிமே எறக்கிவச்சுட்டுப் போட்டோவுக்கு நிக்கச் சொல்றீங்களா? நாளைக்கு வாங்க, எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுங்க.”

“நாளைக்கு வந்தா ஈச்சங்காடுன்னு ஒரு ஊரே இல்லை. பூட்டிருவாங்க.”

“மேலதிகாரிகிட்ட ஒரு போனப் போட்டு ஒரு நாள் கேளுங்க.”

“வர்ற வழியிலேயே கேட்டுட்டேன், முடியாதுன்னுட்டாங்க. அது மெஷினு, அதுக்குச் சாமியும் தெரியாது, என்னையும் தெரியாது.”

“சாமி காரியத்துக்கு நடுவுல நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க அம்பலம், ஓடைதான் எல்லைன்னா அங்கிட்டு இருக்க சனம் ஒங்க காப்புக்கு ஏன் கட்டுப்படணும்? கட்டுப்படுறவங்க ஒங்க சனம்னா, எல்லை அவங்க வாசல் வரைக்கும் ஏன் போகலை? கட்டுப்பாட்டுக்கு மட்டும் இங்கிட்டு, பாலத்துக்கு அங்கிட்டா?”

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்பலத்தின் முகம் சிவந்தது. அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே உதறல். அருள்தாஸ் என் பின்னால் நின்று, “மேடம், மணி நாலரை” என்றார்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “குடத்த ஏன் எறக்கணும்? குடத்தோட போவம். ஓடையத் தாண்டி எங்க தெருவச் சுத்திக்கிட்டுக் கோயிலுக்கு வருவம்.”

மல்லிகா. எங்களுக்கு முன்பே நடந்து வந்து குடத்தைத் தூக்கியிருக்கிறாள். கண் என்னைப் பார்க்கவில்லை, நேராக அம்பலத்தைப் பார்த்தது. அவள் என்ன சொல்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரையே தன் பூட்டுக்கு முன்னால் கூப்பிடுகிறாள்.

ஈச்சங்காட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக, “ஆமா, போவம்” என்றார்கள். பூசாரி தயங்கினார். “இதுவரைக்கும் ஆத்தா ஓடையத் தாண்டுனதில்லையே. பூக்கட்டிப் பாத்து உத்தரவு கேட்டுட்டு…”

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். “பூக்கட்டிப் பாக்க நேரமில்லை. நாஞ் சொல்றேன், போங்க. தப்புன்னா என் தலையில விடியட்டும்.”

எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள், ‘விதிப்படி ஆவன செய்க’ என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன். என் தலையில் விடியட்டும் என்று ஒரு ஆள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நீங்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரும்போது, இந்த டிராக்டர்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன். உறுமி முன்னால் போகிறது, பின்னால் குடங்கள், அதற்குப் பின்னால் ஊர், எல்லாருக்கும் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான். ஓடைத் தண்ணீருக்குள் பெண்கள் இறங்கினார்கள். ஒரு கை குடத்தில், இன்னொரு கை பக்கத்தில் இருப்பவளின் தோளில். பாளைகள் ஆடுகின்றன, ஒரு குடம்கூடச் சாயவில்லை. அக்கரையில் ஏறினதும் குலவை போட்டார்கள். அம்மன் ஈச்சங்காட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் வந்த ஆண்களில் இரண்டு பேர் அழுததைப் பார்த்தேன். என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

முதல் வாசலில் நின்ற குடும்பத்தை நான் படம் எடுத்து அனுப்பினேன். கண்மாய்க் கரை மேட்டில் ஏறி நின்று போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்ததும் போனது. பதிவு திறந்தது. அருள்தாஸ் பறந்தார். வாசலுக்கு வாசல் ஓடினார். தலையில் குடத்தோடு பெண், பக்கத்தில் புருஷன், பிள்ளைகள், ஒரு படம். அடுத்த வாசல். பேர் சொல்வதற்குள் குலவை, வயசு சொல்வதற்குள் உறுமி. அரசாங்கக் கணினியில் இன்றைக்கும் அந்த ஊரின் பெண்கள் எல்லாரும் பூவும் பாளையுமாகத்தான் நிற்கிறார்கள்.

பாலம் வந்ததா என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பாலத்தின் மேல் ஆட்டோவில் போய்வந்தேன். ரெங்கசாமியும் இப்போது ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இன்னொன்றும் நடந்தது. குடம் சுற்றி வந்த இடம் எல்லைக்குள் வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. காப்புக் கட்டினால் ஈச்சங்காட்டில் இப்போது யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை, விளக்கு எரிகிறது. வாசலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது.

மல்லிகாவின் வாசல் தெருவின் கோடி. அருள்தாஸ் மற்ற வீடுகளை முடித்துவிட்டு அங்கே வந்தபோது மல்லிகா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பூட்டு. அம்பலம் அங்கே இருந்தார், பூசாரி இருந்தார், கூட்டம் முழுக்க அங்கே வந்து சேர்ந்திருந்தது.

“ஒங்க வீட்டுல எத்தனை பேரும்மா?” என்றார் அருள்தாஸ்.

“ரெங்கசாமி விராலிமலையில தங்கச்சி வீட்டுல இருக்கான்” என்று அம்பலம் முந்திக்கொண்டு சொன்னார். “மல்லிகாவையும் புள்ளைகளையும் மட்டும் போட்டுக்கங்க.”

அவ்வளவுதான், அப்படியே விட்டிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. மல்லிகா இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“மேடம், எனக்குக் கை ஒழியலை. இடுப்புல சாவி இருக்கு. எடுத்துத் திறங்க.”

சாவியை எடுத்துத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலேயே, தரையில், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து நகர்ந்தே வந்திருக்கிறார். சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். உறுமி நின்றுவிட்டது.

அம்பலம் அவரையே பார்த்தார். “எத்தனை நாளா இங்க இருக்க?”

“காப்புக் கட்டுன நாள்லேருந்து.”

“விளக்குமா இல்லாம?”

“விளக்கு வச்சா ஆத்தாவுக்கு ஆகாதுல்ல பங்காளி.”

அம்பலம் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு உறுமிக்காரர் பக்கம் திரும்பி, “என்னடா வேடிக்க பாக்குறீங்க? அடிங்கடா” என்றார். பெண்களைப் பார்த்து, “இந்த வீட்டச் சுத்திட்டுக் கெளம்புங்க” என்றார். குலவை எழுந்தது. குடங்கள் அந்த வீட்டைச் சுற்ற ஆரம்பித்தன.

அருள்தாஸ் நிலைப்படிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஆறு அடிக்கப் போகிறது. “ஒங்க பேருங்கண்ணே?” என்று கேட்டார்.

ரெங்கசாமி அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நீங்கதானா அது? ரெண்டு தடவை வந்து ‘யாராவது இருக்கீங்களா’ன்னு கூப்பிட்டீங்க. இந்தக் கதவுக்கு அங்கிட்டு நின்னுதான் கூப்பிட்டீங்க. அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியலை. இப்பச் சொல்றேன், இருக்கேன். எழுதிக்கங்க.”